மருந்துப் பெட்டி கடைசியில்தான் திறக்கும்

கொட்டிலில் இரண்டு மாடு கட்டி வளர்ப்பவருக்கும், நூற்றுக்கணக்கில் மந்தையை மேய்ச்சல் வெளியில் விட்டு வளர்ப்பவருக்கும் ஒரே பயிற்சி பொருந்தாது. இதைச் சொன்னால், "மாடு மாடுதானே டாக்டர்?" என்பார்கள். மாடு ஒன்றுதான். அதன்மேல் மனிதக் கை படும் விதம்தான் வேறு. கொட்டில் மாட்டை ஒருவர் தினமும் தடவுகிறார், கழுவுகிறார், தீவனம் வைக்கிறார், எப்போதாவது ஊசி போடுகிறார். மேய்ச்சல் மந்தை மாட்டை மனிதன் வருடத்தில் சில தடவைதான் தொடுகிறான். அந்தச் சில தடவையும் எதற்கு? ஊசிக்கு, காதில் வில்லை மாட்ட, காயடிக்க, கொம்பு சுட, இல்லாவிட்டால் லாரியில் ஏற்ற. ஆள் வந்தால் வலி வரும் என்று அந்த மாடு கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. அதன் கணக்கில் தப்பும் இல்லை.

மேய்ச்சல் பண்ணைக்காரர்களுக்கு மாட்டு ஆரோக்கியமும் பராமரிப்பும் சொல்லிக் கொடுக்கும் வேலையை நான் இங்கிருந்துதான் ஆரம்பிக்கிறேன். அதனால் முதல் நாள் மருந்துப் பேச்சே கிடையாது. வருகிறவர்களுக்கு இது பிடிப்பதில்லை. எந்த நோய்க்கு எந்த மருந்து, எத்தனை மில்லி என்று எழுதிக்கொண்டு போகலாம் என்றுதான் வந்திருப்பார்கள். "ஊசி மருந்து எப்போ சொல்லித் தருவீங்க?" என்று சாப்பாட்டு இடைவேளையில் யாராவது கேட்பார். நாளைக்கு என்பேன். மறுநாள் கேட்டால் சாயங்காலம் என்பேன்.

வீம்புக்காக இப்படிச் செய்வதில்லை. வெருண்டு ஓடிவந்த மாட்டின் உடம்புச் சூடு ஏறியிருக்கும். அப்போது வெப்பமானி காட்டும் எண்ணை வைத்துக் காய்ச்சல் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. துள்ளுகிற மாட்டுக்குப் போடும் ஊசி, தோலுக்கு அடியில் போக வேண்டியது சதைக்குள் போகும், பாதி வெளியே சிந்தும். நடுங்கிக்கொண்டிருக்கும் உடம்பில் தடுப்பூசியும் ஒழுங்காகப் பிடிக்காது. மருந்து வேலை செய்யுமா செய்யாதா என்பதில் பாதி, மாட்டைப் பட்டியிலிருந்து கிளப்பிய விதத்திலேயே முடிவாகிவிடுகிறது. கிளப்பத் தெரியாதவர் கையில் விலை உயர்ந்த மருந்தைக் கொடுத்து என்ன பிரயோஜனம்?

ஆக முதல் பாடம், எங்கே நிற்பது.

ஒவ்வொரு மாட்டையும் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத ஓர் எல்லை உண்டு. நீங்கள் அதற்கு வெளியே இருக்கும்வரை மாடு தலையைத் திருப்பி உங்களையே பார்த்துக்கொண்டு நிற்கும். விளிம்பில் கால் வைத்தால் நகர ஆரம்பிக்கும். விளிம்பைத் தாண்டி உள்ளே ஏறினால் ஓடும். ஓட இடம் இல்லையென்றால் உங்கள் மேலேயே திரும்பும். பட்டிக்குள் மாடு முட்டி விலா உடைந்த கதைகளைக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் ஒடுங்கிய மூலையில் எல்லைக்குள் ஏறி நின்ற கதையாகத்தான் இருக்கும். எல்லையின் அளவு மாட்டுக்கு மாடு மாறும். கையில் பால் குடித்து வளர்ந்ததற்கு எல்லையே கிடையாது, பின்னால் நின்று தள்ளினாலும் அசையாது. ஆளைப் பார்க்காமலே வளர்ந்ததற்கு அது பல மீட்டர் இருக்கும். விளிம்பிலேயே நின்று வேலை செய்ய வேண்டும்: ஓர் அடி உள்ளே வைத்தால் மாடு நகரும், நகர்ந்ததும் அந்த அடியைப் பின்னால் எடுத்துவிட வேண்டும். பின்னால் எடுப்பதுதான் மாட்டுக்குக் கிடைக்கும் பரிசு. இதைத்தான் யாரும் செய்வதில்லை. மாடு நகர்ந்த பிறகும் பின்னாலேயே போய் நெருக்கிக்கொண்டே இருப்பார்கள்.

அடுத்தது தோள்பட்டை. நீங்கள் தோளுக்குப் பின்னால் இருந்தால் மாடு முன்னே போகும், தோளுக்கு முன்னால் வந்துவிட்டால் நின்றுவிடும் அல்லது பின்வாங்கும். வாயிலில் மாடு நின்றுபோனால் ஒருவர் அதன் தலைக்கு நேராக நின்றுகொண்டு வாலைத் தட்டுவார். போ என்று ஒரு கை சொல்கிறது, வராதே என்று உடம்பு சொல்கிறது. மாடு எதைக் கேட்கும்? வரிசையாக மாடுகள் நிற்கும் குறுகிய வழியில் இன்னொரு வித்தை உண்டு. மாடு போக வேண்டிய திசைக்கு எதிர்த்திசையில், வேலியை ஒட்டி, தலையிலிருந்து வாலை நோக்கி நடக்க வேண்டும். ஒவ்வொரு மாட்டின் தோளையும் நீங்கள் தாண்டத் தாண்ட அது முன்னே நகரும். வாயால் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. கையில் ஒன்றும் இல்லாமல், வாயைத் திறக்காமல் நடந்து காட்டினால், "இன்னொரு தடவை நடங்க டாக்டர்" என்பார்கள்.

பயிற்சிக்கு வருகிறவர்களில் இதையெல்லாம் ஏற்கெனவே தெரிந்த ஒருவர் எப்போதும் இருப்பார். வயதானவராக இருப்பார், பின்வரிசையில் உட்கார்ந்திருப்பார், பேசமாட்டார். பட்டிக்குள் இறக்கினால் மாடுகள் அவருக்கு வழி விட்டு நகரும். அவரைக் கண்டுபிடித்து முன்னால் கொண்டுவந்துவிட்டால் என் வேலை பாதி குறைந்துவிடும். டாக்டர் சொன்னால் கேட்காதவர்கள் அவர் செய்வதைப் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள். தோள், எல்லை என்கிற இந்தப் பாடத்தைப் பரவலாக்கிய இருவரில் ஒருவரான அமெரிக்கர் பட் வில்லியம்ஸ் மாடு மேய்த்துத்தான் இதைக் கண்டுகொண்டார். இன்னொருவர் டெம்பிள் கிராண்டின், கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர், ஆட்டிசம் உள்ளவர். மாடுகள் நின்றுபோகும் இடத்துக்கு அவர் போய், குனிந்து, மாட்டின் கண் உயரத்தில் இருந்து படம் எடுத்துப் பார்த்தார். நானும் அந்த முறையைத்தான் பின்பற்றுகிறேன். மாடுகளை வெளியே விட்டுவிட்டு, வந்திருக்கும் எல்லோரையும் அந்தக் குறுகிய வழியில் குனிந்து நடக்கச் சொல்வேன். முதலில் சிரிப்பு. பாதி தூரத்தில் சிரிப்பு நின்றுவிடும். வேலியில் யாரோ கழற்றிப் போட்ட சட்டை தெரியும். ஆடிக்கொண்டிருக்கும் சங்கிலி தெரியும். தரையில் குறுக்கே விழும் கம்பியின் நிழல், தேங்கிய தண்ணீரில் மின்னும் வெயில், எதிரே நின்று எட்டிப் பார்க்கும் ஒரு தலை.

மாட்டின் கண் தலையின் இரு பக்கத்திலும் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் அதற்குத் தெரியும், நேர் பின்னால் மட்டும் ஒரு குருட்டு இடம். ஆனால் இரண்டு கண்ணும் சேர்ந்து பார்க்கிற பகுதி முகத்துக்கு முன்னால் கொஞ்சம்தான். ஆழம் அளப்பதில் அது கெட்டியில்லை. தரையில் விழுந்த கறுப்பு நிழல், நிழலா பள்ளமா என்று பார்க்கத் தலையைத் தாழ்த்த வேண்டும், அதற்கு நிற்க வேண்டும். முதல் மாடு தலையைத் தாழ்த்தி நின்றால் அது பிடிவாதம் இல்லை, பார்த்துக்கொண்டிருக்கிறது. பார்த்து முடிக்க விட்டால் தானே போகும், பின்னால் உள்ளவையும் போகும். அந்த நேரத்தில்தான் நம் ஆட்கள் வாலை முறுக்குவார்கள்.

சத்தத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நமக்குக் கேட்காத உயர்ந்த ஓசைகூட மாட்டுக்குக் கேட்கும். மனிதன் கத்தும்போது மாட்டின் இதயத் துடிப்பு ஏறுவதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். ஒரு தடவை நன்றாக வெருண்ட மாடு அடங்க 20 முதல் 30 நிமிடம் ஆகும். அந்த அரை மணி பொறுக்காமல் மறுபடி விரட்டுவதால்தான், காலையில் முடிய வேண்டிய வேலை இருட்டும்வரை இழுக்கிறது. "மெதுவா செஞ்சா நேரம் ஆகும்" என்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. கடிகாரத்தைக் கொடுத்து, பட்டியை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை அவர் முறையிலும் ஒரு பாதியை எங்கள் முறையிலும் செய்யச் சொல்வேன். சத்தம் போடாத பாதி முதலில் முடியும்.

முடிந்ததும் எண்ண வேண்டும். இது எனக்குப் பிடித்த பகுதி, ஏனென்றால் எண்ணிக்கையோடு யாரும் சண்டை போட முடியாது. அமெரிக்காவின் மாட்டிறைச்சித் தர உறுதித் திட்டம் இதற்கு ஒரு மதிப்பெண் தாள் வைத்திருக்கிறது. மாட்டை அசையாமல் நிறுத்திவைக்கும் பிடிகூண்டை 100 மாடு கடந்து போகும்போது எத்தனை மாட்டின்மேல் மின்கோல் (விரட்டுவதற்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் கோல்) பட்டது, எத்தனை கத்தியது, எத்தனை விழுந்தது, கதவைத் திறந்ததும் எத்தனை துள்ளிப் பாய்ந்தது என்று குறிக்க வேண்டும். விழுந்தது 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, கத்தியது 5, மின்கோல் 10, துள்ளிப் பாய்ந்தது 25. இந்தத் தாளைக் கையில் கொடுத்துவிட்டு நான் ஒதுங்கிவிடுவேன். எழுதுகிறவர் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும். தன் பண்ணையில் மாடு கத்துவதே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவர் அவராகவே கோடு கோடாகப் போட்டுக்கொண்டே போவார்.

காசுக் கணக்கும் இதில் இருக்கிறது. அமைதியான மாடு, படபடக்கிற மாட்டைவிட ஒரு நாளில் அதிக எடை கூடுகிறது என்று 1997இல் வெளியான ஆய்வு காட்டியது. லாரி ஏறும் முன் பயந்து தவித்த மாட்டின் தசையில் சர்க்கரைச் சேமிப்பு தீர்ந்துபோயிருக்கும். அதன் இறைச்சி கறுத்து, பிசுபிசுத்துப் போய் விலை குறையும். இரக்கம் என்று பேசினால் தலையை ஆட்டிக்கொண்டு கேட்பவர்கள், எடை என்றால் நிமிர்ந்து உட்காருகிறார்கள். எதைச் சொல்லி நிமிர்ந்தால் என்ன, மாட்டுக்கு நல்லதுதானே.

இந்த இடத்தில் விலங்கு நலத்தின் ஐந்து சுதந்திரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. எந்தக் கையேட்டைத் திறந்தாலும் முதல் பக்கத்தில் இருக்கும். பிரிட்டனில் 1965இல் பிராம்பெல் குழு கொடுத்த அறிக்கையில், ஒரு விலங்குக்கு எழுந்து நிற்க, படுக்க, திரும்ப, தன்னைத் துடைத்துக்கொள்ள, கை கால் நீட்ட இடம் வேண்டும் என்று சொன்னார்கள். 1979இல் அது பசி, வசதிக்குறைவு, வலி, பயம் முதலியவற்றிலிருந்து விடுதலை என்ற வடிவத்துக்கு வந்தது. நல்ல விஷயம்தான். ஆனால் பயிற்சியை இதிலிருந்து ஆரம்பித்தால் பத்தாவது நிமிடத்தில் பாதிப் பேர் போனை எடுத்துவிடுவார்கள். நான் இதைச் சுவரில் ஒட்டிவிட்டுப் பட்டிக்குப் போய்விடுகிறேன்.

நிற்கக் கற்றபிறகு பார்க்கக் கற்க வேண்டும். மாடு தன் நோயை மறைக்கும். கூட்டத்தில் தளர்ந்ததைத்தான் வேட்டை விலங்கு பிடிக்கும் என்பது அதன் ரத்தத்தில் ஊறியது. ஆள் உள்ளே வந்ததும் காய்ச்சலில் இருக்கும் மாடுகூடத் தலையைத் தூக்கி, காதை நிமிர்த்தி நிற்கும். அதனால் பார்ப்பதை வெளியே இருந்தே ஆரம்பிக்க வேண்டும். தீவனம் போட்டதும் கடைசியாக வருவது எது, வந்தும் தின்னாமல் நிற்பது எது, கூட்டம் படுத்திருக்கும்போது தனியாக நிற்பது எது. நல்ல உடம்புள்ள மாடு ஒரு நாளில் 7, 8 மணி நேரம் அசைபோடும். படுத்திருக்கும் மந்தையில் பாதிக்கு மேல் அசைபோடாமல் இருந்தால் என்னவோ சரியில்லை. படுத்திருந்தது எழுந்ததும் முதுகை நெளித்து ஒரு சோம்பல் முறித்தால் எனக்கு நிம்மதி. இடது பக்கப் பசிக்குழியைப் பார்க்க வேண்டும்: உள்ளே ஒடுங்கியிருந்தால் தின்னவில்லை, வெளியே புடைத்து முரசு போல ஒலித்தால் வயிறு உப்பிவிட்டது, இதற்கு மட்டும் பொறுத்திருக்க நேரமில்லை. நடையில் முதுகைப் பார்க்க வேண்டும். நிற்கும்போது நேராகவும் நடக்கும்போது வளைந்தும் இருந்தால் குளம்பு வலி ஆரம்பம், நிற்கும்போதே வளைந்திருந்தால் முற்றிக்கொண்டிருக்கிறது. நொண்ட ஆரம்பிக்கும்வரை காத்திருந்தால் தாமதம்.

அப்புறம்தான் வெப்பமானி. வளர்ந்த மாட்டுக்கு 38 முதல் 39.3 டிகிரி செல்சியஸ் வரை சாதாரணம். சுவாச நோய்ச் சந்தேகத்தில் 40ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். ஆனால் மதிய வெயிலில் பார்த்த 40 வேறு, விடியற்காலையில் பார்த்த 40 வேறு. உடம்பில் ஏறிய வெப்பம், வெயில் உச்சிக்குப் போய் ஓரிரு மணி நேரம் கழித்துத்தான் உச்சத்தைத் தொடும். அதனால் வெயில் காலத்தில் மந்தையை நகர்த்துகிற, கூண்டில் பிடிக்கிற வேலை எல்லாம் சூரியன் ஏறும் முன்பே முடிந்திருக்க வேண்டும். சாயங்காலம் குளிர்ந்துவிட்டது என்று ஆறு மணிக்கு ஆரம்பிப்பவர்கள் உண்டு. காற்று குளிர்ந்திருக்கும், மாடு குளிர்ந்திருக்காது.

இரண்டாம் நாள் சாயங்காலம் சொன்னபடி பெட்டியைத் திறப்பேன். முதலில் வெளியே எடுப்பது தடுப்பூசிக் குப்பி.

தடுப்பூசி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். குளிர்பெட்டியின் உறைகட்டிக்கு ஒட்டினாற்போல் வைத்து உறைந்துபோன தடுப்பூசியும் வீண் என்பதுதான் பலருக்குத் தெரியாது. செயலிழந்த கிருமியில் செய்தவை உறைந்தால் கெட்டுவிடும், மறுபடி உருகியதும் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். உயிருள்ள கிருமியில் செய்தவற்றைக் கரைத்த பிறகு ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். வெயில் பட்டாலும் அது செத்துவிடும். காலையிலேயே எல்லாக் குப்பிகளையும் கரைத்து வேலியின் மேல் வரிசையாக அடுக்கி வைத்துவிட்டு, மதியம்வரை ஊசி போட்டால், பாதி மாட்டுக்குத் தண்ணீர்தான் போயிருக்கும். அந்த மந்தையில் பின்னால் நோய் வந்தால் பழி தடுப்பூசிமேல் விழும். இன்னொன்று, அதே உயிருள்ள தடுப்பூசிக்கான சிரிஞ்சைக் கிருமிநாசினியால் கழுவக் கூடாது. உள்ளே ஒட்டியிருக்கும் சொட்டு மருந்தே தடுப்பூசியைக் கொன்றுவிடும். வெந்நீர் போதும். சுத்தக்காரர்கள்தான் இதில் மாட்டிக்கொள்கிறார்கள், பாவம்.

ஊசி போடும் இடம் கழுத்து, தோளுக்கு முன்னால். பின்தொடை வேண்டாம். பழக்கத்தில் கை அங்கேதான் போகும், ஏனென்றால் அங்கே சதை அதிகம், ஆளுக்கும் எட்டும். ஆனால் ஊசி போட்ட இடத்தில் உள்ளே தழும்பு விழுகிறது, சில சமயம் சீழ் கட்டுகிறது, அது இறைச்சியில் நல்ல விலை போகும் பகுதி. அமெரிக்காவில் 1991இல் தேசிய அளவில் மாட்டிறைச்சித் தரத்தைத் தணிக்கை செய்தபோது இந்தத் தழும்புகள் பெரிய தலைவலியாகத் தெரிந்தன. அதற்குப் பிறகு கொடுத்த பயிற்சிகளில் ஊசியைக் கழுத்துக்கு மாற்றியதால் அவை மிகவும் குறைந்துபோயின. மருந்தை மாற்றவில்லை, இடத்தைத்தான் மாற்றினார்கள். பயிற்சியால் ஏதாவது நடக்குமா என்று சலித்துக்கொள்பவர்களுக்கு நான் சொல்லும் உதாரணம் இது. ஓர் இடத்தில் 10 மில்லிக்கு மேல் போடக் கூடாது. லேபிள் அனுமதித்தால் தோலுக்கு அடியில் போடுவது மேல். வளைந்த ஊசியை நிமிர்த்தி மறுபடி போடவே கூடாது, அது உள்ளே முறிந்துபோகும். பத்துப் பதினைந்து மாட்டுக்கு ஒரு தடவை ஊசியை மாற்றுங்கள் என்றால் சிக்கனம் பேசுவார்கள். மழுங்கிய ஊசியைத் தன் உள்ளங்கைத் தோலில் லேசாக உரசிப் பார்க்கச் சொன்னால் சிக்கனப் பேச்சு அடங்கும்.

ஆன்டிபயாடிக் பற்றிக் கேள்விகள் நிறைய வரும், பதில் சுருக்கம்தான். எதைப் போடுவது என்பதை உங்கள் மந்தையைத் தெரிந்த மருத்துவர் தீர்மானிக்க வேண்டும். சொன்ன நாள்வரை போட வேண்டும், இரண்டாம் நாள் மாடு தின்ன ஆரம்பித்ததும் நிறுத்தக் கூடாது. மருந்து உடம்பை விட்டுப் போகும்வரை அந்த மாடு விற்பனைக்குப் போகக் கூடாது. உலகமே இந்தப் பக்கம்தான் நகர்ந்துகொண்டிருக்கிறது. வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் தடை செய்தது. மனித மருத்துவத்துக்கு முக்கியமான ஆன்டிபயாடிக்குகளைக் கால்நடைக்கு மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்குவது அமெரிக்காவில் 2023 ஜூனோடு முடிந்தது.

வலி பற்றிய பாடத்தில்தான் குரல் உயரும். கொம்பு சுடுவதற்கும் காயடிப்பதற்கும் மரப்பு ஊசி போட வேண்டும், அதோடு நீண்ட நேரம் வேலை செய்கிற வலி மருந்தும் வேண்டும் என்று சொன்னதும், "எங்க தாத்தா காலத்துல இருந்து சும்மாதான் செய்றோம், கன்னுக்குட்டி மறுநாளே மேயுது" என்று ஒரு குரல் கட்டாயம் வரும். மேயும்தான். அது மறைப்பதில் கெட்டிக்காரன் என்று நேற்றுத்தானே பார்த்தோம்? சுட்ட கன்றைத் தூரத்தில் இருந்து கவனிக்கச் சொல்வேன். தலையை உதறும், காதைப் படபடக்கும், பின்காலால் தலையைச் சொறியப் பார்க்கும், கம்பத்தில் நெற்றியை வைத்து நிற்கும். பக்கத்தில் மரப்பு ஊசியும் மெலாக்சிகாம் என்கிற வலி மருந்தும் கொடுத்துச் சுட்ட கன்றும் நிற்கும். வித்தியாசத்தை அவர்களே சொல்லிவிடுவார்கள். இதில் வயதும் பெரிய விஷயம். ஏறக்குறைய இரண்டு மாதம்வரை கொம்பு மொட்டு தோலோடு சேர்ந்து அசையும், அதற்குப் பிறகு மண்டை எலும்போடு ஒட்டிவிடும். ஒட்டுவதற்கு முன்பே செய்துவிட்டால் காயமும் சின்னது, வேலையும் சுலபம். கொம்பில்லா மரபுள்ள காளையைச் சேர்த்துவிட்டால் இந்த வேலையே வேண்டாம். அதைச் சொன்னால்தான் எல்லோரும் சமாதானமாகிறார்கள்.

மெலாக்சிகாம் என்று பெயர் சொல்லிக் குறிப்பிட ஒரு காரணம் இருக்கிறது. தெற்காசியாவில் கழுகுகளைப் போல உயரத்தில் வட்டமிடும் பிணந்தின்னிப் பாறுகள் கூட்டம் கூட்டமாக அழிந்ததற்கு, மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் வலி மருந்துதான் காரணம் என்று 2004இல் தெரியவந்தது. செத்த மாட்டின் உடலில் மிச்சமிருந்த மருந்து பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. மெலாக்சிகாம் அவற்றுக்குத் தீங்கு செய்வதில்லை. மாட்டின் வலியைத் தணிக்கப் போய்ப் பறவையைக் கொல்ல வேண்டாம்.

கன்று பிரிப்பதைச் சுருக்கமாகச் சொல்லி முடித்துவிடுவேன், ஏனென்றால் செய்வது சுலபம். தாயையும் கன்றையும் ஒரே நாளில் கண் காணாத தூரத்துக்குப் பிரித்தால் இரண்டும் நாள்கணக்கில் கத்தும், கன்று நடந்து நடந்தே இளைக்கும். நடுவில் ஒரு நல்ல வேலி மட்டும் போட்டு, மூக்கோடு மூக்கு உரச விட்டுப் பிரித்தால் கத்தல் குறைகிறது, எடையும் விழுவதில்லை. அந்த வாரத்திலேயே கொம்பு சுடுவது, காயடிப்பது, லாரி ஏற்றுவது எல்லாவற்றையும் சேர்த்து வைத்துக்கொள்ளாமல் இருந்தால் சரி. சீம்பாலும் அப்படித்தான். கன்று பிறக்கும்போது அதன் ரத்தத்தில் தாயின் எதிர்ப்புச் சக்தி இருக்காது, சீம்பால் வழியாகத்தான் வர வேண்டும். குடல் அதை உறிஞ்சும் கதவு பிறந்த நிமிடத்திலிருந்தே மூடிக்கொண்டு வந்து, ஒரு நாளில் முழுதாக மூடிவிடும். பெரும்பாலான மேய்ச்சல் மாடுகள் இதைத் தாமே பார்த்துக்கொள்ளும். கஷ்டப்பட்டு ஈன்ற மாடு, முதல் ஈற்றுக் கிடேரி, எழுந்து நிற்க முடியாத கன்று, இவை இருக்கிற இடத்தில் மனிதன் இரண்டு மணி நேரத்துக்குள் கை கொடுக்க வேண்டும்.

சொல்லிக் கொடுக்க எனக்கே கஷ்டமான பாடம் ஒன்று இருக்கிறது. எழ முடியாமல் விழுந்துவிட்ட மாடு. எந்தப் பக்கம் படுத்திருக்கிறதோ அந்தப் பக்கத்துக் கால் தசை அதன் எடையிலேயே நசுங்கிச் சில மணி நேரத்தில் கெட ஆரம்பிக்கும். புரட்டிப் போட வேண்டும், மெத்தென்ற தரை வேண்டும், தண்ணீர் எட்ட வேண்டும், நிழல் வேண்டும். காலில் கயிறு கட்டி இழுக்கக் கூடாது. இதெல்லாம் செய்தும் தேறாது என்று தெரிந்தால், வலியில்லாமல் முடித்து வைக்கும் முடிவை யார் எடுப்பார், எப்போது எடுப்பார், யார் செய்வார் என்று முன்கூட்டியே பேசி எழுதி வைத்திருக்க வேண்டும். பலரும் இந்தப் பேச்சை விரும்புவதில்லை. சட்டமும் நம்பிக்கையும் இடத்துக்கு இடம் வேறு என்பதும் உண்மை. ஆனால் முடிவே எடுக்காமல் நாலு நாள் வெயிலில் கிடக்க விடுவது கருணை என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. இந்தப் பாடத்தின்போது மட்டும் அறையில் யாரும் என்னைக் குறுக்கே கேள்வி கேட்பதில்லை. வெளியே வந்தபிறகு தனியாக வந்து கேட்பார்கள்.

பயிற்சிக்கு யாரைக் கூப்பிடுவது என்பதிலும் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அழைப்பு பெரும்பாலும் பண்ணை முதலாளிக்குப் போகும், அவரும் வருவார், சான்றிதழ் வாங்கிச் சட்டம் போட்டு மாட்டுவார். ஊசி போடுகிறவர் வேறு ஆள். கூண்டுக் கதவை இழுப்பவர் வேறு ஆள். விடியற்காலை மந்தையைப் பார்ப்பவர் வேறு ஆள். அவர்கள் வராவிட்டால் நான் நடத்துவதில் அர்த்தமில்லை. எழுதப் படிக்கத் தெரியாது என்று அவர்களை விட்டுவிடுவார்கள். வெக்கை நோய் (ரிண்டர்பெஸ்ட்) என்கிற மாட்டுப் பெருநோயை உலகத்திலிருந்து ஒழித்துவிட்டதாக 2011இல் அறிவித்தார்கள். மனிதன் முழுதாக ஒழித்த இரண்டாவது நோய் அது, முதலாவது பெரியம்மை. அந்த வேலையின் கடைசிக் கட்டத்தில், கிழக்கு ஆப்பிரிக்காவில் வாகனமும் டாக்டரும் போக முடியாத மேய்ச்சல் நிலங்களில், வெப்பம் தாங்கும் தடுப்பூசியைக் கொண்டுபோய்ப் போட்டவர்கள் அங்கேயே மாடு மேய்க்கிற சாதாரண ஆட்கள். அவர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். எந்த மந்தையில் நோய் இருக்கிறது, எந்த வழியாக வந்தது என்பதையும் மேய்ப்பவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டார்கள். உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி 1761இல் பிரான்சின் லியோனில் தொடங்கப்பட்டதற்குக் காரணமும் இதே நோய்தான். அங்கே தொடங்கிய படிப்பு, 250 வருடம் கழித்து மேய்ப்பவர் கையில் முடிந்தது. படிக்காதவருக்கு என்ன சொல்லித் தருவது என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

சில மாதம் கழித்துத் திரும்பிப் போய்ப் பார்ப்பதும் பயிற்சியில் சேர்த்தி. வரவேற்பு, காபி எல்லாம் முடிவதற்குள் கண்ணை ஓட்டிவிடுவேன். மின்கோல் எங்கே இருக்கிறது, கையிலா, ஆணியில் தொங்குகிறதா? தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டிக்குள் ஒரு வெப்பமானி இருக்கிறதா? அப்புறம் பதிவேடு. தேதி, மாட்டு எண், மருந்து, அளவு, போட்ட இடம், போட்டவர், விற்பனைக்கு எந்தத் தேதியிலிருந்து போகலாம். பக்கங்கள் மடங்கி, கிறுக்கலாக, ஓரத்தில் சாணிக்கறையோடு இருந்தால் சந்தோஷப்படுவேன். பக்கம் முழுக்க ஒரே மையில், ஒரே சாய்வில், வெள்ளை வெளேரென்று இருந்தால் நான் வரப்போகிற செய்தி கேட்டு முந்தின ராத்திரி உட்கார்ந்து எழுதியது என்று தெரிந்துவிடும். அப்போது பதிவேட்டை மூடி வைத்துவிட்டு, ஊசி போடுகிறவரைக் கூப்பிட்டு, கடைசியாக எந்த மாட்டுக்கு என்ன போட்டீர்கள் என்று கேட்பேன். அவர் பெரும்பாலும் தயங்காமல், சரியாகச் சொல்லிவிடுவார். அடுத்த தடவை நான் வரும்போது அந்தப் பதிவேடு இவரிடம் இருக்கட்டும், பேனாவையும் இவர் சட்டைப் பையிலேயே குத்திவிடுங்கள் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டுக் கிளம்புவேன்.